பதினொரு மிஸ்டு கால்

என்னைக் ‘குட்டி’ என்று கூப்பிட இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆளான என் அக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வருகிறது. பதில் வராது என்று தெரிந்தும் பழக்கம் விடவில்லை. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கும், அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது நாங்கள் திருப்பதிக்குப் போய்வந்த கதையைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால் அதுவும் கூடவே வந்து நிற்கிறது.

நீதான் ஆரம்பித்து வைத்தாய். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் போன் பண்ணி அதையே சொல்வாய். “பத்தாவது வருஷம் நீங்க ரெண்டு பேரு மட்டும் எங்கனா போய்ட்டு வாங்கடி. புள்ளைங்கள நகரிக்கு இட்டாந்து வுட்டுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்.” பத்தாவது வருஷம் வந்துவிட்டது. பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் இல்லை. நானும் இவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாமாதான் எடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் சித்தூருக்கு பஸ் ஏறி வந்துவிட்டார் உன் வீட்டுக்காரர். சட்டையில் ஒட்டிய தறிப் பஞ்சைக்கூட உதறாமல் வந்திருந்தார். “உங்கக்கா சொல்லிக்கினே இருப்பா இல்ல பாப்பா? அத நான் செய்றேன். ரெண்டு நாளு புள்ளைங்கள எங்கிட்ட வுடு.” நீ இருந்தவரைக்கும் தண்ணீர் கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனுஷன். ஆறு வயசு நிலாவையும் மூணு வயசு மயூரியையும் மாமா எப்படிப் பார்த்துக்கொள்வார்? கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு சரி என்றேன்.

எனக்கு இருந்த பெரிய கவலை அவர் காதுதான். முப்பது வருஷம் பவர்லூம் இரைச்சலில் நின்று நின்று காது மந்தமாகிவிட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார், போனில் ஒன்றும் கேட்காது. அதற்காக நீங்கள் இரண்டு பேரும் செய்து வைத்திருந்த ஏற்பாட்டைப் பார்த்து நான் எத்தனை தடவை சிரித்திருப்பேன். மாமாவின் பட்டன் போன் வைப்ரேஷனில் சட்டைப் பைக்குள் இருக்கும். நீ வீட்டிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் சோறு ஆகிவிட்டது. இரண்டு கொடுத்தால் யாரோ வந்திருக்கிறார்கள். மூன்று கொடுத்தால் தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வர வேண்டும். ‘என் வீட்டுக்காரருக்குக் காது பாம்புக் காது, ஆனாலும் முப்பது தடவை கூப்பிட்டால்தான் எழுந்திருக்கிறார், உனக்கு மூன்றே போதும்’ என்று உன்னிடம் வயிறெரிந்திருக்கிறேன்.

அதே வழியில் நாங்களும் ஒப்பந்தம் போட்டோம். காலையில் ஒரு மிஸ்டு கால், ராத்திரி ஒரு மிஸ்டு கால். வந்தால் பிள்ளைகள் சௌக்கியம். மாமா ஒரு விரலைக் காட்டித் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை நகரியில் விட்டோம். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். மயூரி அழுவாள் என்று நான் முந்தானையைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன். அவள் மாமாவின் மடியில் உட்கார்ந்து நூல் உருண்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழுதது நான்தான், புத்தூர் தாண்டுகிற வரைக்கும்.

திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரூம் எடுத்தோம். கோயிலில் தாயாரைச் சேவித்துவிட்டு வந்து ரூமில் இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் இரண்டு பிள்ளைகள் படுக்கிற இடத்தை யாரும் சொல்லாமலே விட்டு வைத்திருந்தோம். அதைப் பார்த்து இவர்தான் முதலில் சிரித்தார். மத்தியானம் ஓட்டலில் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, “காரமா கீதே, சின்னவ துன்ன மாட்டாளே” என்றார். நான் தயிர்சாதத்தைக் குழையக் குழையப் பிசைந்து முடித்துவிட்டு யாருக்கு ஊட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து வருஷத்தில் தனியாகப் பேச எவ்வளவோ சேர்த்து வைத்திருப்போம் என்று நினைத்திருந்தேன் அக்கா. பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினோம். ஆனாலும் சாயங்காலம் கடைத்தெருவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

ராத்திரி எட்டு மணிக்கு மாமாவின் மிஸ்டு கால் சரியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இன்னொன்று. அப்போது நாங்கள் திருமலைக்கு வந்து வரிசையில் நுழையக் காத்திருந்தோம். மேலே போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கவுண்டரில் கொடுப்பதற்கு முன்னால் மனசு கேட்கவில்லை, நானும் பதிலுக்கு அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். தெரிந்துகொண்டேன் மாமா, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

காத்திருக்கும் கூடத்தில் எங்களை விட்டுக் கதவைப் பூட்டினார்கள். இவர் துண்டை விரித்துப் படுத்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் கழுத்தையும் மடியையும் பார்த்துவிட்டு, “பில்லலு ஏரம்மா?” என்று கேட்டாள். பிள்ளைகள் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? ஊரில் இருக்கிறார்கள் என்றேன். “ஒண்டரிகானா?” என்றாள். தனியாகவா என்ற அந்த ஒரு கேள்வி போதும், அதற்கப்புறம் எனக்கு உட்கார முடியவில்லை. கையில் போன் இல்லை, இடுப்பில் குழந்தை இல்லை, கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. கூப்பிட்டால் எடுக்க முடியாத இடத்தில் நான் இருந்தேன்.

அன்றைக்கு நான் எடுக்க முடிகிற இடத்தில்தான் இருந்தேன் அக்கா. இதைத்தான் இத்தனை நாளாக எழுதாமல் இருந்தேன். மயூரியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் சோப்பு. போன் அடித்தது. உன் பெயரைப் பார்த்தேன். என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்பாய், அப்புறம் பேசலாம் என்று விட்டேன். மறுபடியும் அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோது எரிச்சலாக வந்தது, முழங்கையால் தட்டி சைலண்டில் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து நான் திருப்பிக் கூப்பிட்டபோது உன் பக்கத்து வீட்டு அம்மாள் எடுத்தாள். மாரடைப்பு என்றார்கள். அந்த மூன்றையும் என் போனிலிருந்து அழித்துவிட்டேன். இவருக்குக்கூடச் சொல்லவில்லை. மாமாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அன்றிலிருந்து என் பயம்.

மத்தியானம் கதவைத் திறந்தார்கள். சுவாமிக்கு முன்னால் நின்ற அந்த இரண்டு நொடியில் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. “ஜருகண்டி, ஜருகண்டி” என்று தள்ளியதில் வெளியே வந்து விழுந்தோம். நேராக போன் கவுண்டருக்கு ஓடினேன்.

பதினொரு மிஸ்டு கால். எல்லாம் மாமா.

“காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னுதானே சொன்னோம்?” என்றார் இவர், அவர் குரலே மாறிவிட்டது. நான் திருப்பி அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. எடுத்தாலும் அவருக்குக் கேட்காது, நிலாவாவது எடுப்பாள் என்று மறுபடி அடித்தேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு அடித்தேன். “நான் நாராயணவனத்துல கல்யாணத்துக்கு வந்து கீறேம்மா, காலையில பாத்தது. இன்னா ஆச்சு?” என்று அவள் என்னைக் கேட்டாள். லட்டு கூட வாங்கவில்லை. திருமலைக்குப் போய் லட்டு வாங்காமல் இறங்கியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

மலையிலிருந்து பஸ் ஒவ்வொரு வளைவாக இறங்கியது. திருப்பதியில் நகரி பஸ் ஜனம் நிரம்பட்டும் என்று நின்றுகொண்டிருந்தது. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். ஜுரமா, கிணற்றடியா, தறிக்குள் கையை விட்டுவிட்டதா? மணி போகிறது, போகிறது, நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் யாரோ பெயரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று அந்த பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. நீ எத்தனை மணி வரைக்கும் கேட்டாய் அக்கா? எடுத்துவிடுவாள் என்று கடைசி மணி வரைக்கும் நினைத்தாயா?

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நகரி வந்து சேர்ந்தோம். வீடு பூட்டிக் கிடந்தது. தறிக்கூடமும் பூட்டு. இவர் தெருக்கோடிக்கு ஓடினார், நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் மூன்று பேரும் வந்தார்கள். மயூரி மாமாவின் தோளில், நிலா அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, கையில் பொரி பொட்டலம். ஸ்டேஷனுக்கு ரயில் பார்க்கப் போயிருந்தார்களாம். நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். தெரு இருட்டில் என் உதடு அவருக்குத் தெரியவில்லை. சீக்கிரம் வந்துவிட்டீர்களே என்று சிரித்துக்கொண்டே பூட்டைத் திறந்தார்.

நிலாதான் கணக்குச் சொன்னாள். “பெரிப்பா நான் இட்லி துன்னதுக்கு ஒரு போன் குடுத்தாரும்மா. குளிச்சதுக்கு ஒண்ணு. மயூ தூங்கனதுக்கு ஒண்ணு. அவ கக்கா போனதுக்குக்கூட ஒண்ணு.” இவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டியூப்லைட்டுக்கு நேராக மாமாவை உட்காரவைத்து, ஏன் இத்தனை என்று கேட்டேன்.

“நீ காலையில திருப்பி ஒண்ணு குடுத்த இல்ல பாப்பா? பயந்துக்கினு கீறன்னு நெனச்சேன். அதான் ஒவ்வொண்ணுக்கும் குடுத்தேன். மத்தியானம் போன்ல சார்ஜ் பூட்ச்சு, உள்ள சார்ஜ்ல சொருகி வுட்டுட்டேன்.”

பிள்ளைகள் அந்தப் பக்கம் போனதும் சொன்னார்.

“அன்னைக்கி எனக்கு மூணு குடுத்தா உங்கக்கா. புழுக்கம்னு சட்டையக் கழட்டி ஆணில மாட்டிட்டு பனியனோட நின்னுக்கினு இருந்தேன். தெரியல. எனக்குக் குடுத்துட்டு அப்பறமாதான் உனக்குக் குடுத்துருக்கா. அவ போன்ல பாத்தேன்.”

உங்களுக்கு அப்பவே தெரியுமா மாமா என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

“தெரியும். ரெண்டு பேரும்தான் எடுக்கல. யாரு யார இன்னான்னு கேக்கறது?”

சட்டையின் மேல் பட்டன்களைக் கழற்றினார். உள்ளே பனியனில், நெஞ்சுக்கு நேராக, ஒரு துண்டுத் துணியை வைத்துக் கோணல்மாணலாகக் கையால் தைத்து ஒரு பை. போனுக்கு. எல்லா பனியனிலும் தைத்து வைத்திருக்கிறாராம். இனிமேல் யார் கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரைக் கட்டிக்கொண்டு அழவும் முறையில்லை. அவர் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய முடியும், சொல்.

என்ன சொல்ல அடித்தாய் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் இனித் தெரியப்போவதில்லை. தெரிந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். தினமும் மத்தியானம் நீ சோறு ஆக்கி முடிக்கிற ஒரு மணிக்கு, வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் இருந்தாலும் அடுப்படியில் இருந்தாலும் மாமாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். அந்தப் பையில் அது அதிர வேண்டும். பதிலுக்கு அவர் ஒன்று கொடுப்பார். நேற்றும் கொடுத்தார், இன்றைக்கும் கொடுத்தார். சோப்புக் கையோடு எடுத்துப் பார்த்தேன்.

இப்படிக்கு,
மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்காத உன் தங்கச்சி,
குட்டி