நான் வாசித்துச் சொன்ன காமாலை

அம்மா,

பக்கத்து வீட்டு அக்கா கீழாநெல்லி அரைக்கிறார். அந்தப் பச்சை வாடை நம் வாசல்வரை வருகிறது. அவர் மகளுக்குக் காமாலையாம். "மொதல்ல ரத்தத்தச் சோதிச்சுப் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் மலையிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீர் கெட்டு, நம் தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பேருக்குக் காமாலை வந்தது. தங்கச்சிக்கும் வந்தது. கீழாநெல்லி குடித்தார்கள், படுத்திருந்தார்கள், எழுந்துவிட்டார்கள். அது ஏ வகை. தண்ணீரிலும் சாப்பாட்டிலும் தொற்றும். ஈரல் வீங்கி, பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். பள்ளிக்கூட நூலகத்துப் புத்தகத்திலிருந்து உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.

அதனால்தான் உங்கள் கண் மஞ்சளானபோது என்னிடம் கேட்டீர்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணுமாடி? புஸ்தகத்துல என்னா போட்டிருக்கு?"

"தேவையில்லம்மா. தன்னால சரியாகிரும்."

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதைப் பெருமையாகச் சொன்னீர்கள். "அப்ப ஒம் மகளே மருந்தும் எழுதிக் குடுப்பாளா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்தார். "குடுப்பா, பாத்துக்கிட்டே இரு" என்றீர்கள்.

ஐந்து வாரத்தில் வயிறு வீங்கியது. ரத்தமாக வாந்தி எடுத்த பிறகே லொறியில் ஏற்றிக் கொண்டுபோனோம். உங்களுக்கு இருந்தது பி வகை என்றார் டாக்டர். ரத்தத்தில் தங்கி, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலைத் தழும்பாக்கிச் சுருக்குவது. சி வகையும் அப்படித்தானாம்.

"முன்னாலயே வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். ஏன் வரல?"

"நான்தாங்கய்யா வரமாட்டேன்னு நின்னேன். புள்ள கூப்பிட்டுச்சு."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் போய்விட்டீர்கள்.

காரியம் முடிந்ததும் எனக்கும் தங்கச்சிக்கும் ரத்தம் எடுத்தார்கள். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றியிருக்கலாமாம். முடிவு வந்த அன்று தாதி எங்கள் கிளினிக் அட்டைகளைப் புரட்டினார். "ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. ஒரு தடுப்பூசிகூட விடாம போட்டிருக்காங்க. அதான் காப்பாத்தியிருக்கு."

உங்களுக்கு அந்த அட்டையை வாசிக்கத் தெரியாது. சொன்ன நாளில், மழையென்றாலும், எங்களைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறீர்கள்.

காரியத்துக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த அப்பா திரும்பி வரும் வழியில் கேட்டார்: "புள்ளைகளுக்குன்னா ஓடுனவ, தனக்குன்னு ஏன் போகாம இருந்தா?"

நீங்கள் காத்துக் கொடுத்த உடம்போடு பக்கத்திலேயே நடந்து வந்தேன். பதில் சொல்லவில்லை, அம்மா. இன்றுவரை சொல்லவில்லை.