பேரரசர் வராத வளைவு

என் வீட்டுக்காரிக்கு,

பேரரசர் வரவில்லை. நாற்பது நாள் பாடுபட்டு, மரச்சட்டத்தில் சாந்து பூசி, கோட்டை வாசலில் அவருக்கு அலங்கார வளைவு கட்டினோம். அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கமாகவே ரோமாபுரிக்குப் போய்விட்டாராம்.

நகரசபைக் காரியஸ்தர் போனக்கோர்சோ அசரவில்லை. "மேஸ்திரி, அடுத்த வாரம் போப்பாண்டவரோட ஆளு, கார்டினல் வர்றாரு. வளைவுல இருக்கிற பேரரசர் சிலையில தாடியைச் செதுக்கி எடுத்துட்டு ஒரு சிவப்புத் தொப்பியை வெச்சா ஆச்சு."

"மூக்கு?" என்றேன்.

"கார்டினல் மூக்கை எவன்யா பாக்கப்போறான்? மோதிரத்தைத்தான் பாப்பான்."

செய்துகொடுத்தேன். சண்டை போடத் தெம்பில்லை. ஏணி ஏறி இறங்கி முழங்கால் வீங்கிக் கிடக்கிறது.

உச்சியில் எக்காளம் ஊதும் தேவதையையும் மாற்றச் சொன்னார். "ரொம்பச் சின்னப் பொண்ணா இருக்கே, கன்னத்துல குழி வேற. தேவதைன்னா ஒரு கம்பீரம் வேண்டாமா?"

அதை மட்டும் தொடமாட்டேன் என்றுவிட்டேன்.

கார்டினல் போனதும் வளைவைப் பிரித்து அடுப்புக்குப் போட்டுவிடுவார்கள். தேவதையின் தலையை மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறேன். வைக்கோல் சுற்றிக் கழுதைமேல் கொண்டுவருவேன். அக்கம்பக்கத்தார் இருக்கும்போது பிரிக்காதே.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு நம் வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. நானும் இங்கே எழுதவில்லை.

தேவதையின் காதுகளைக் கூந்தலுக்குள் மறைத்துவிட்டேன். வேலை மிச்சம் என்று கூட இருந்தவர்களிடம் சொன்னேன். உண்மையில் அவள் காதுகள் எப்படி இருந்தன என்று எனக்கு நினைவில்லை. தினமும் அவளுக்குத் தலை வாரிவிட்டவள் நீதானே. வந்ததும் சொல், செதுக்கிவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்