பாதித் தட்டு வெண்டைக்காய்

புதன்கிழமை, இரவு.

சர்க்கரைக்காகக் கிளினிக்கில் சொன்னபடி கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, மீதி அரைத் தட்டு காய் என்று இந்த வாரம்தான் ஆரம்பித்திருக்கிறேன். வீட்டில் சமாளித்துவிட்டேன். இன்று மதியம் ஜெலுத்தோங்கில் வழக்கமாகப் போகும், சோற்றின்மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றித் தரும் நாசி கண்டார் கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்ததுமே சோற்றைக் குவித்தார். "அண்ணே, கால்வாசி போதும்" என்றேன்.

"ஏன்க்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டபடி குறைத்தார். ஆனால் காலியான இடத்தில் இரண்டாவது கோழித் துண்டை வைத்தார். தட்டில் இடம் தெரிந்தால் கடைக்கு மரியாதை இல்லையாம்.

"அந்த இடத்துல வெண்டிக்காய் வைங்கண்ணே."

"வெண்டிக்காய் தின்னா வயிறு நிறையுமாக்கா?"

எனக்குச் சர்க்கரையில் போன அப்பாவின் கால் ஞாபகத்துக்கு வந்தது. அதை இன்று எழுதப்போவதில்லை. "உங்க கடையில இன்னும் இருபது வருஷம் சாப்பிடணும்லா, அதான்" என்றேன்.

அண்ணன் கோழியை எடுத்துவிட்டு வெண்டைக்காயை அள்ளி வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குள் கைப்பழக்கத்தில் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு எல்லாவற்றையும் அதன்மேல் ஊற்றிவிட்டார். கோபப்பட முடியவில்லை. வருடக்கணக்காகக் குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்லி, 'பஞ்சிர், பஞ்சிர்' என்று கேட்டு வாங்கியவள் நான்தானே.

வெண்டைக்காயை ஒவ்வொன்றாகக் கரையேற்றிச் சாப்பிட்டேன். குழம்பைத் தட்டிலேயே விட்டுவிட்டேன்.

நாளைக்கும் அங்கேதான். அவர் கை முந்துகிறதா, என் வாய் முந்துகிறதா, பார்த்துவிடலாம்.