ஏழரை மணி நாடகம்

வில்லாபுரம்,
10-6-2024

மீனாவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் அதை உன் தம்பி பொண்டாட்டி முருகம்மாள் படித்துவிட்டுத் தெருவெல்லாம் சொல்வாள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போய் இன்றோடு பன்னிரண்டு நாள். போனை டிவி ஸ்டாண்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். கண்ணுச்சாமியைக் கூப்பிட்டால், "அக்கா வயலுக்குப் போயிருக்கு மச்சான்" என்கிறான். காலையில் கூப்பிட்டாலும் வயல், பொழுது சாய்ந்து கூப்பிட்டாலும் வயல். முப்பத்து மூன்று வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்கு யார் டிக்கெட் எடுக்காமல் தூங்குவது போல நடிக்கிறார்கள் என்று தெரியாதா?

ஒரு டிவி நாடகத்துக்காக ஒரு பொம்பளை வீட்டை விட்டுப் போவாளா? அம்பத்தாறு வயதில்? என்னோடு டிவி பார்க்க வந்த பேயாண்டி முன்னால் உன்னை நான் கழுதை என்று சொன்னது தப்புதான். டிப்போவில் நாங்கள் எல்லாரையும் அப்படித்தான் சொல்வோம், வாய் பழகிவிட்டது. அதற்காகக் கரைத்த மாவை அப்படியே போட்டுவிட்டுப் பையைத் தூக்குவதா?

கனகா ஓசூரிலிருந்து தினமும் போன் போட்டு, "நீங்களே போயி அம்மாவக் கூட்டிட்டு வாங்கப்பா" என்கிறாள். மச்சினன் வீட்டில் போய் உட்கார்ந்து சோறு தின்கிற பழக்கம் எனக்கு இல்லை. கல்யாணம் காட்சிக்கு வந்தாலும் இலை எடுத்ததும் பஸ் ஏறுகிறவன் நான். நீயே வந்துவிடு. மாவு புளித்து, நேற்றுதான் கொட்டினேன்.

இப்படிக்கு,
சோணைமுத்து


திருவாதவூர்,
17-6-2024

மாமாவுக்கு மீனா எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்களுக்குக் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? சுகர் மாத்திரை பிரிட்ஜுக்கு மேலே மஞ்சள் டப்பாவில் இருக்கிறது.

போனில் பேசினால் நீங்கள் பேசுவீர்கள், நான் 'உம்' போடுவேன். தாளில் எழுதினால் முடியும்வரை நீங்கள் படித்துத்தானே ஆக வேண்டும்? அதனால்தான் போனை விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு நாடகத்துக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். 'தனக்கொடி மெஸ்' கதை உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். தனக்கொடியின் புருஷன் ராஜவேல் அவளை விட்டுவிட்டுப் போய் எட்டு வருஷம். அவள் மெஸ் வைத்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். மாமியார் திட்டினாலும் சரி, வாடகை கேட்டு வருகிறவன் கத்தினாலும் சரி, ஒரு வார்த்தை பேச மாட்டாள், சாம்பாரைக் கலக்கிக்கொண்டே இருப்பாள். நானூறு எபிசோடு அவள் எப்போது வாய் திறப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் மாமா. அவளுக்குக் கோபம் வரும்போதெல்லாம் கரண்டியை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவாள். அந்தக் கரண்டிக்காகவே அதைப் பார்க்கலாம்.

அன்றைக்கு ராஜவேல் திரும்பி வந்து, எல்லார் முன்னாலும் இலையில் உட்கார்ந்தான். வழக்கமாக எட்டு மணிக்கு முடிகிற நாடகம், அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரம். காலையிலேயே உங்களிடம் சொல்லி வைத்தேன். சரியாக எட்டு மணிக்குத் தனக்கொடி வாயைத் திறந்தாள். நீங்கள் உங்கள் செய்தி விவாதத்துக்கு மாற்றினீர்கள். "இன்னைக்கி மட்டும் மாமா" என்றேன். அப்புறம் நீங்கள் சொன்னதைப் பேயாண்டி அண்ணனும் கேட்டார்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. நாடகம் முடிகிற நேரம் நான் பஸ்ஸில் இருந்தேன். முருகம்மாள் சமையல் போட்டிதான் பார்ப்பாள். நீங்கள் கேட்டுச் சொல்ல முடியுமா?

மீனா


வில்லாபுரம்,
26-6-2024

மீனாவுக்கு,

இந்த நாடகத்தைப் பற்றித் தெருவில் யாரிடம் கேட்பது? கேட்டால் என் மீசைக்கு என்ன மரியாதை? கனகாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, அன்றைய நாடகத்தைப் போனில் அனுப்பினாள். ஒரு மணி நேரமும் பார்த்தேன்.

தனக்கொடி சொன்னது இதுதான். பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "பசிச்சா சாப்பிடுங்க. ஊருக்கே சோறு போடுற கடை இது. ஆனா இது உங்க வீடு இல்ல."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு அவன் இலையில் சோற்றை வைத்தாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வந்தவனை நாலு பேர் முன்னால் இப்படியா சொல்வது? அதற்கப்புறம் அவன் என்ன செய்தான் என்று தெரிந்துகொள்ளலாமே என்று மறுநாளும் பார்த்தேன். இப்போது தினமும் ஏழரைக்குப் போடுகிறேன். நாடகம் பிடித்துப்போய் இல்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, அதனால்தான்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். எப்போது வருகிறாய்?

சோணைமுத்து


திருவாதவூர்,
4-7-2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வயல் வரப்பில் உட்கார்ந்து படித்தேன். அந்த மூன்று வரியை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். அவள் அதைவிடப் பெரிதாக ஏதோ சொல்வாள் என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது.

இங்கே எனக்கு வேறொரு நிகழ்ச்சி பிடித்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு சேனலில் காட்டு மிருகங்களைப் பற்றித் தமிழில் போடுகிறார்கள். போன வாரம் யானை. ஒரு கிழட்டுப் பெண் யானை முன்னால் போக, மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே தண்ணீர் தேடிப் போகின்றன. அது யாரையும் திரும்பிப் பார்த்து வா என்று கூப்பிடுவதில்லை. நாடகத்தில் எல்லாரும் பேசிப் பேசிச் சண்டை போடுகிறார்கள். இந்த யானைகளுக்குள் பேச்சே கிடையாது, ஆனாலும் என்ன நடக்கிறது என்று எல்லாம் புரிகிறது. நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

வந்த புதிதில் நான் நின்றுகொண்டேதான் டிவி பார்த்தேன். முருகம்மாள், "என்ன மதினி, பஸ்ஸுக்கா நிக்கிறீக? உக்காருங்க" என்று கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். இப்போது தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு பார்க்கிறேன். நடுவில் எழுந்திருக்கும் வேலையே இல்லை.

எப்போது வருகிறேன் என்று கேட்டீர்கள். தெரியவில்லை மாமா.

மீனா


வில்லாபுரம்,
20-7-2024

அன்புள்ள மீனாவுக்கு,

உன் யானையைப் போன ஞாயிற்றுக்கிழமை போட்டேன். யானை வரவில்லை, முதலைதான் வந்தது. அரை மணி நேரம் வாயைத் திறந்தபடி கிடந்தது. பேயாண்டி மாதிரியே இருந்தது.

நேற்று விளம்பர நேரத்தில் தோசை சுட்டுப் பார்த்தேன். நீ அப்படித்தானே செய்வாய்? ஒரு விளம்பரத்துக்கு இரண்டு தோசைக்கு மேல் வரவில்லை, அதிலும் ஒன்று கருகிவிட்டது. நீ எனக்கு ஆறு சுடுவாய். அப்படியென்றால் மூன்று விளம்பரம். நாடகம் ஓடும்போது சட்னி, தண்ணீர் என்று நான் கூப்பிடுவேனே, அப்போதெல்லாம் கதையில் உனக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

அந்த ராஜவேல் பயலைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தினமும் மெஸ்ஸுக்கு வருகிறான், தின்கிறான், கை கழுவுகிறான், போகிறான். நீ சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவளிடம் கேட்டானா? நேற்று டிவியைப் பார்த்து, "அட மனுசனாடா நீ!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஒரு நல்ல செய்தி. நீ வரும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டேன். உனக்குப் பிடித்த இளநீலம். காசிமாயன்தான் வந்து அடித்தான். அடுப்படிக் கதவோரச் சுவரில் தலை உயரத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை இருந்ததே, அது மட்டும் போவேனா என்றது. "எம்புட்டு வருச அழுக்குண்ணே இது? உள்ள வரைக்கும் ஊறிப் போச்சே" என்று உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, இரண்டு தடவை பட்டி வைத்து, மேலே மூன்று கோட் அடித்தான். இப்போது அந்த இடத்தில் ஒன்றுமே இருந்த மாதிரி தெரியவில்லை. நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய்.

ஆடி முடிவதற்குள் வந்துவிடு.

அன்புடன்,
சோணைமுத்து


திருவாதவூர்,
29-7-2024

மாமாவுக்கு,

பெயின்ட் அடித்ததற்குச் சந்தோஷம்.

அந்தக் கறை அழுக்கு இல்லை. என் தலை எண்ணெய். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அதில் தலையைச் சாய்த்து நின்றுகொண்டுதான் நான் டிவி பார்த்தேன்.

மீனா


வில்லாபுரம்,
12-8-2024

என் மீனாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. தினமும் தாளை எடுப்பேன், எழுத வராது.

கடிதம் வந்த அன்றைக்கு ஏழரை மணிக்கு அந்தக் கதவோரத்தில் போய் நின்றேன். கொஞ்சம் குனிந்து, உன் தலை இருக்கும் உயரத்துக்கு என் தலையை வைத்துப் பார்த்தேன். அங்கிருந்து டிவியில் பாதிதான் தெரிகிறது மீனா. மீதிப் பாதியைப் பீரோ மறைக்கிறது. தனக்கொடி இடது பக்கம் நின்றால் தெரிகிறாள், வலது பக்கம் போனால் அவள் குரல் மட்டும் வருகிறது. அந்தப் பீரோவை அங்கே போட்டவன் நான்தான். இருபத்திரண்டு வருஷமும் நீ பாதி நாடகம்தானே பார்த்திருக்கிறாய்?

இருபது நிமிஷத்தில் எனக்கு முழங்கால் விட்டுப்போனது. நிற்பது எனக்குப் புதிதில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்றவன்தான். கைப்பிள்ளையோடு ஒரு பொம்பளை நின்றால், "யாராச்சும் எந்திரிச்சு எடம் விடுங்கப்பா" என்று சொல்லாமல் நான் விசில் கொடுத்ததில்லை. அதற்காக டிப்போவில் எனக்கு நல்ல பேர் உண்டு. என் சொந்த வீட்டுக்குள் ஒருத்தி நின்றுகொண்டே வந்திருக்கிறாள். சோபாவில் இருந்து நான் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள்.

தனக்கொடி மெஸ் வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. ராஜவேலை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டாள், எல்லாரும் அழுதார்கள், சுபம் போட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் கை தட்டியிருப்பேன். இப்போது, அந்தப் பயல் கடைசி வரை அவளிடம் ஒன்றும் கேட்கவில்லையே, எதற்காகக் கூப்பிட்டாள் என்று கோபம்தான் வந்தது.

பீரோவை நகர்த்திவிட்டேன். அந்தக் கறை நீலப் பெயின்டையும் மீறி லேசாக ஊறி வந்திருக்கிறது. காசிமாயன் பார்த்துவிட்டு, "இன்னொரு கோட் அடிச்சிரவாண்ணே?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சோபாவில் உனக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறேன். வா மீனா.

சோணைமுத்து


திருவாதவூர்,
21-8-2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து ரொம்ப நேரம் அழுதேன். முருகம்மாள் பயந்துபோய், "அண்ணனுக்கு ஏதும் மேலுக்குச் சொகமில்லையா மதினி?" என்று கேட்டாள். இல்லை, இப்போதுதான் அவருக்குச் சரியாகியிருக்கிறது என்று சொன்னேன்.

நாலு நாளில் வருகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் அந்த வரியை எழுத முடியவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை மாமா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீங்கள் எழுதாத கடிதத்தை எல்லாம் சேர்த்து எழுதிவிட்டீர்கள், இனி எனக்கு என்ன கோபம்?

எனக்கு என்னைப் பற்றித்தான் பயமாக இருக்கிறது. அந்த வீட்டுக்குள் வந்தால் என் கால் நேராகக் கதவோரத்துக்குத்தான் போகும். நீங்கள் சோபாவில் இடம் விட்டுக் கூப்பிட்டாலும், அடுப்பில் பால் இருக்கிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டு அங்கேதான் நிற்பேன். நீங்கள் பத்து நாள் கூப்பிடுவீர்கள். பதினோராம் நாள் தண்ணீர் கேட்பீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இருக்காது. இங்கே உட்காருவதற்கே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அதை இன்னொரு தடவை மறந்துவிட்டால் மறுபடி பழக எனக்கு வயது கிடையாது.

ராஜவேலைத் தனக்கொடி ஏன் கூப்பிட்டாள் என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் கதையை முடித்தாக வேண்டும் என்றிருப்பார்கள், கூப்பிட வைத்தார்கள். நமக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இல்லை.

அதனால் நான் வரவில்லை. நீங்கள் வாருங்கள். மச்சினன் வீட்டில் உட்காருவது உங்களுக்குப் பழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். உட்காருவது எனக்கும்தான் பழக்கமில்லாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு மணிக்கு அந்த யானைக் கூட்டத்தை மறுபடி போடுகிறார்களாம். போன தடவை அதுகளுக்குத் தண்ணீர் கிடைத்ததா என்று காட்டுவதற்குள் கரண்டு போய்விட்டது. சாப்பிட்டதும் பஸ்ஸுக்குக் கிளம்பாமல் அது முடியும்வரை இருங்கள், போதும்.

வராவிட்டாலும் பரவாயில்லை மாமா, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தக் கட்டிலில் நான் எப்போதும் ஒரு ஓரமாகத்தான் உட்காருகிறேன். மறு ஓரத்தில் முருகம்மாள் துணி மடித்து வைக்க வந்தால், "அங்க வேண்டாம் முருகம்மா" என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள்
மீனா