வெர்னா போட்ட மூன்று 'வேண்டாம்'

மார்ச் 4
ஆற்றில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. மதியம் வழக்கம்போல் கோர்ட்டுக்கு எதிரே வெர்னா ட்வோராக்கின் கடையில் காபியும் ஒரு துண்டு கூகன் கேக்கும்.

"நவம்பர்ல உங்க பேரு ஓட்டுச்சீட்டுல வருமா, ஜட்ஜய்யா? எட்டு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்."

"வராது. டிசம்பர்ல எழுபது. சட்டப்படி வீட்டுக்கு."

"அட, ஏமாத்திட்டீங்களே!"

எங்கள் மாநிலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் எட்டு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுக்கு விடுவார்கள்; ஆனால் எங்களை எதிர்த்து யாரும் நிற்பதில்லை. என் பெயருக்கு எதிரே 'நீடிக்கட்டும்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டங்கள், அவ்வளவுதான். இந்த இருபத்தேழு வருடத்தில் வந்த மூன்று தடவையும் வெர்னா 'வேண்டாம்' போட்டார். மறுநாளே காபி ஊற்றிக்கொண்டு அதை என் முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டார். ஒளிவுமறைவு தெரியாத மனுஷி. எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 11
எந்தத் தீர்ப்பை யார் எழுதுவது என்பதை நாங்கள் ஐந்து பேரும் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்கிறோம். இன்று பழைய காபி டப்பாவில் கைவிட்டேன். வந்தது ஆரோன்சன் வழக்கு.

மாமனார் நிலத்தில் பதினாலு வருடம் உழைத்த ஒரு விதவை. 'நிலம் உங்களுக்குத்தான்' என்று வாய்வார்த்தை, எழுத்து இல்லை. கீழ்க்கோர்ட்டு ஒரு பழைய தீர்ப்பின் ஒரே வரியைக் காட்டி அனுப்பிவிட்டது: 'மருமகள் குடும்பப் பாசத்தால் செய்யும் உழைப்பு நிலத்துக்கு விலையாகாது.'

அந்த வரியை எழுதிய புண்ணியவான் நான்தான். இருபத்தைந்து வருடத்துக்கு முன், வெர்னாவின் வழக்கில். அவர் உழைத்தது பத்தொன்பது வருடம். புருஷன் இறந்ததும் மாமனார் நிலத்தை இன்னொரு மகனுக்கு எழுதிவிட்டார். சட்டக் கல்லூரியில் அந்த வரியை மனப்பாடம் செய்கிறார்களாம். எனக்கு எவ்வளவு பெருமை!

தலைமை நீதிபதி மார்லிஸ் தனியே வந்து கேட்டார். "வேற யாருக்காவது மாத்திடவா?"

வேண்டாம் என்றேன். வீம்புதான், வேறென்ன?

மார்ச் 12
அவர் வழக்கையே மறுபடி தொடப்போகிறோம்; தீர்ப்பு வெளிவரும்வரை வெர்னா கடைக்குப் போகக் கூடாது. கோர்ட்டு மெஷின் காபி — கழுநீர்.

ஏப்ரல் 15
என் பழைய தீர்ப்பைக் காப்பாற்ற நாலு பக்கம் எழுதி வைத்துவிட்டு, ஆதாரத்துக்காக வெர்னாவின் பழைய வழக்குக் காகிதங்களை எடுத்தேன். அவர் சாட்சியம்: "நிலமே எங்களுக்குன்னு மாமனார் சொன்ன பிறகு, கூலி எதுக்குங்க கேக்கணும்?"

இதை அன்று படித்தேனா? படித்திருக்கிறேன். ஓரத்தில் என் பென்சில் கோடு. ஆனால் தீர்ப்பில் இது எங்கே? இல்லை. 'குடும்பப் பாசம்' என்ற என் வரிக்கு இடைஞ்சல் என்று விட்டுவிட்டேன். அட பாவி!

ஏப்ரல் 22
வாதம் முடிந்தது. பிறகு அறையில் நாங்கள் ஐவர் மட்டும். இளையவர் முதலில் பேசுவது முறை. டாலஃப்சன் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மன்னிக்கணும் சார். அந்தத் தீர்ப்பு அன்னிக்கே தப்பு." மார்லிஸும் அவர் பக்கம். மற்ற இருவர், ஊரே நம்பி நடக்கும் சட்டத்தைக் கலைக்காதீர்கள் என்றார்கள். இரண்டுக்கு இரண்டு. கடைசியில் நான்.

"டாலஃப்சன் சொல்றது சரி," என்றேன். பாவம், தண்ணீர் குடிக்கப் போன மனிதருக்குப் புரையேறிவிட்டது.

மே 6
'நான் எழுதியது தவறு' — இந்த மூன்று சொல்லை எழுத மூன்று நாள். மற்றதெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

ஜூன் 17
நேற்று தீர்ப்பு வெளியானது. இன்று மதியம் வெர்னா கடைக்குப் போனேன். மேசைமேல் பேப்பர் விரிந்து கிடந்தது.

"அந்தப் பொண்ணுக்கு நிலம் கிடைச்சுடும். எனக்கு வராதுல்ல?"

"வராது. உங்க வழக்கு முடிஞ்சுபோச்சு, வெர்னா. இனி தொறக்க முடியாது. நான் —"

"தெரியும். பேப்பர்ல இருக்கு." கொஞ்ச நேரம் துடைத்த இடத்தையே துடைத்தார். "ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க. காபி ஆறுது."

வெட்கமாக இருந்தது. ஆனாலும் மூன்று மாதத்துக்குப் பிறகு நல்ல காபி.

நவம்பர் 4
நேற்று தேர்தல். இன்று மதியம் வெர்னாவே ஆரம்பித்தார்.

"உங்க பேரு இருக்காதுன்னு தெரியும். தெரிஞ்சும் சீட்டை மேலயும் கீழயும் தேடிப் பாத்தேன்."

"இருந்திருந்தா எதுல போட்டிருப்பீங்க?"

காபியை விளிம்புவரை ஊற்றினார்.

"ஓட்டு ரகசியம், ஜட்ஜய்யா."

இன்னொரு துண்டு கூகன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.