என்னைக் கேட்காமல் நீ சொன்ன பதில்

அன்பு மகனுக்கு,

நானும் உன் அப்பாவும் இங்கே நலம். நீயும் மருமகளும் குட்டியும் அங்கே நலமாக இருக்க வேண்டும். என் உடம்பைப் பற்றி நீ என்னைவிட அதிகம் தெரிந்துவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதனால் அதைப் பற்றி விரிவாக எழுதவில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சூடாகப் பேசினால் உடனே "டென்ஷன் ஆகாதம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து கடைசி வரை படி.

எங்கள் கல்லூரிப் புள்ளியியல் துறையில் ஒரு புதிய பாடம் சேர்க்கச் சொல்லி முன்மொழிவு கொடுக்கப்போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். "சூப்பர்ம்மா" என்றாய். எங்கள் துறைப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் வண்ண வண்ணமாக வரைபடம் போடுவார்கள், ஒரு வீட்டுக் கதவைத் தட்டி ஒரு மனிதரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னால் கைகால் உதறும். கதவைத் திறக்கிறவரிடமே வீட்டிலுள்ள எல்லோருக்குமான பதிலையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கேள்வியை எப்படி அமைப்பது, யாரிடம் கேட்பது, தயங்குகிறவரிடம் எப்படிப் பொறுமையாக இருப்பது, இதைப் பாதி வகுப்பிலும் பாதி தெருவிலுமாகச் சொல்லித்தரும் பாடம் அது. போன வருடம் சோதனையாகச் சிலரை பஸ் வசதி பற்றிக் கேட்டு வர அனுப்பினேன். ஒரு வீட்டில் மருமகள் வாசலில் நின்று, "மாமாவுக்குக் காது கேக்காது, அவரு வெளிய போறதே இல்ல, நானே சொல்றேன்" என்றாளாம். உள்ளேயிருந்து அந்த மாமனார், "தினமும் சாயங்காலம் பஸ்ல போயி செஸ் ஆடிட்டு வரேன், உனக்குத்தான் தெரியாது" என்று குரல் கொடுத்தாராம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இப்போது அந்த மருமகள் இடத்தில் நீ நிற்கிறாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாடத்திட்டக் குழு போன வாரம் கூடியது. பாடத்திட்டத்தைத் திருத்துவது மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான், எனக்கு ஓய்வு அடுத்த வருடம். இந்த முறை சேராவிட்டால் பிறகு அதைப் பற்றிப் பேசக்கூட ஆள் இருக்காது. கணினித் துறைக்காரர் எடுத்த எடுப்பிலேயே, எல்லாத் தகவலும் இணையத்தில் கொட்டிக் கிடக்கும்போது தெருத்தெருவாக எதற்கு அலைய வேண்டும் என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொன்னேன். கேட்கக் கேட்க நாலு பேர் தலையாட்ட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எங்கள் துறைத் தலைவர், அதாவது உன்னோடு பள்ளியில் படித்து நம் வீட்டு அடுப்படியிலேயே வளர்ந்த உன் சிநேகிதன் குண்டூசி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மேடத்தோட உடம்பையும் நாம பாக்கணும். அவங்க பையனே எனக்கு போன் பண்ணி, இந்த வயசுல அம்மாவ அலைய விடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு" என்றான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் என் பக்கம் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். எதிர்த்துப் பேசுகிறவனுக்குப் பதில் சொல்லலாம், பரிதாபப்படுகிறவனுக்கு என்னவென்று சொல்வது? ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். மரத்தை வெட்ட அதே மரத்துக் காம்பைத்தானே தேடுவார்கள், நீ நல்ல கோடரிக்காம்பு.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவைப் பிடித்தேன். முதலில் தெரியவே தெரியாது என்றார், அப்புறம் மென்று விழுங்கினார். நான் துறை மாடிப்படியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேனாம், கூட்டிப்போக வந்தவர் கீழேயிருந்து பார்த்தாராம், மயக்கம் என்று முடிவு கட்டி உனக்கு போன் போட்டாராம். அடப்பாவி மனுஷா, அன்றைக்கு என் செருப்பு வார் அறுந்துவிட்டது, குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்! கண்ணால் காண்பதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்? இந்த ஊர் முழுக்க விசாரிக்க ஆள் தயார் செய்கிறேன், என் வீட்டில் "என்ன ஆச்சு"ன்னு என்னை ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. பிரஷர் இருக்கிறது, மாத்திரை போடுகிறேன், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எல்லாம் உண்மைதான். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். நீ பாசத்தில்தான் செய்தாய் என்று எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் இன்னும் வலிக்கிறது. வேறு யாராவது செய்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, அதைக் கேள். மறுநாள் குண்டூசி என் அறைக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "வருத்தப்படாதீங்க மேடம், உங்க பையன் சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த கூட்டத்துலயே மறுபடி வெச்சிடறேன்" என்றான். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவளுக்குப் பையனிடம் அனுமதிச் சீட்டு! அடுப்படியிலேயே அவன் காதைத் திருகியிருக்க வேண்டும். பொய் சொல்லமாட்டேன், ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. உனக்கு ஒரு போன் போட்டால் நீ அவனுக்கு ஒரு போன் போடுவாய், பாடம் வந்துவிடும். ஆனால் அப்படி வந்த பாடத்தை எந்த முகத்தோடு நடத்துவேன்? ஆளைக் கேட்காமல் அடுத்தவர் சொன்னதை எழுதாதே என்று எந்த வாயால் சொல்வேன்? எழுந்து வெளியே போ என்றேன், போனான்.

ஒத்திவைத்த ஒன்றை மீண்டும் எடுக்கச் சொல்லி உறுப்பினர்களில் பாதிக்கு மேல் கையெழுத்துப் போட்டால், குழுத் தலைவரான குண்டூசி மறுக்க முடியாது. அதனால் என் மாணவர்களைச் செய்யச் சொன்னதை நானே செய்தேன், ஒவ்வொருவர் கதவாகத் தட்டினேன். உங்களுக்குப் பாடம் வேண்டாமா, நான் வேண்டாமா, இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்று நேராகக் கேட்டேன். சிலர் நெளிந்தார்கள், ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து நழுவினார். முதல் கையெழுத்து யார் போட்டது தெரியுமா, கணினித் துறைக்காரர்! "கூட்டத்துல உங்க பாடத்த எதிர்த்துதான் பேசுவேன் மேடம், ஆனா உங்க உடம்ப சாக்கு சொல்லி அத நிறுத்தறது அசிங்கம்" என்றார். இத்தனை நாளில் என்னை மனுஷியாக மதித்து எதிர்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். வேண்டிய கையெழுத்து சேர்ந்துவிட்டது. வரும் வாரம் மீண்டும் கூட்டம். தோற்றாலும் தோற்கலாம், தோற்றால் என் வாதத்தால் தோற்க வேண்டும்.

மற்றபடி உன் அக்கா வீடு மாற்றிவிட்டாள், புது வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று தினமும் புலம்பல். நம் வாஷிங் மெஷின் நடுநடுவே நின்றுவிடுகிறது, உன் அப்பா அதைப் பிரித்துப் போட்டிருக்கிறார், பிரித்ததைத் திரும்ப மாட்டுவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. என் வாயிலிருந்து தப்பிக்கத்தான் அந்த மெஷினுக்குள் தலையை விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். குட்டிக்குப் பல் விழுந்துவிட்டது என்று மருமகள் படம் அனுப்பினாள், பார்த்துக் கொஞ்சம் கோபம் இறங்கியது, உன் மேல் இல்லை, பொதுவாக. நீ வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. பார், நான் எப்படிச் சொல்கிறேன், நேராக உன்னிடம்தான் சொல்கிறேன், உன் மேலதிகாரிக்கு போன் போட்டுச் சொல்லவில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், திட்டினாலும் அதுதான் என் மனதில் இருப்பது. ஒன்றை மட்டும் மறக்காதே. கூட்டத்துக்கு முன்னால் குண்டூசி நிச்சயம் உனக்கு போன் செய்வான், அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று இழுப்பான். நல்லா இருக்காங்க என்றும் சொல்லாதே, நல்லா இல்லை என்றும் சொல்லாதே. "அம்மாவையே கேளு" என்று சொல்லிவிட்டு போனை வை.

இப்படிக்கு,
இன்னும் ஓய்வு பெறாத உன் அம்மா