இரண்டு பெட்டி எடைக்கற்கள்

ஆரணி
9.4.2024

அன்புள்ள குணா,

நலமா? போன் நம்பரை மாற்றிவிட்டாய், எங்கள் யாருக்கும் தரவுமில்லை. பெங்களூரில் சைக்கிள் பவர் மீட்டர் பழுது பார்க்கிறாய் என்று கேள்விப்பட்டு, கடை முகவரிக்கே எழுதுகிறேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனுக்குப் பதில் போடாமல் இருந்துவிடாதே.

மிதிக்கிற பலத்தை வாட்டில் காட்டும் மீட்டர் ஒன்றை என் சைக்கிளில், இடது பெடலைத் தாங்கும் கிராங்கில் மாட்டியிருக்கிறேன். ஓட்டும் முன் மீட்டரைச் சரிபார்க்க ஜீரோ காலிபரேஷன் செய்தால் காலையில் ஒரு எண், மதியம் ஒரு எண். போளூர் வரை போய்விட்டு வந்து பார்த்தால் அது வேறு. சென்னை கோச் இந்தக் கணக்கை வைத்துத்தான் என்னை டீமில் எடுப்பார். ஒரே பேஜாராக இருக்கிறது.

உன் அப்பா பழனி மாமாவை வழியில் பார்த்தேன். கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலையாம். நீ பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ஹேமநாத்

பெங்களூர்
15.4.2024

அன்புள்ள ஹேமா,

இத்தனை வருஷம் கழித்து ஒரு கடிதம், அதுவும் கோளாறு வந்தால்தான். இருந்தாலும் உன் கோழிக்கிறுக்கல் கையெழுத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

சைக்கிளை ஏ.சி. அறையில் வைத்திருப்பாய், வெயிலில் தள்ளிவந்த கையோடு காலிபரேஷன் செய்வாய். அப்படித்தானே? இரும்புக்கும் சூடு பிடிக்க நேரம் வேண்டும். வெளியே நிறுத்திவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வா. பேட்டரியை மாற்று, கிராங்க் போல்ட்டை முறையாக முடுக்கு, பெடலில் காலை வைக்காமல் கிராங்கை நேர் கீழாக நிறுத்திச் செய். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் கிராங்கைப் படுக்கையாக நிறுத்தி, பின்சக்கர பிரேக்கை இறுக்கிக் கட்டி, பெடலில் பத்து கிலோ தொங்கவிடு. வழக்கமான நீளக் கிராங்க் என்றால் செயலியில் முறுக்குவிசை 16.9 காட்ட வேண்டும்.

பழசை மனதில் வைக்காதே என்கிறாய். வேறு எங்கே வைப்பது? உங்கள் கடையில் நிறுத்து வாங்கிய பட்டுநூலை நைனா நெய்து சேலையாகக் கொண்டுவந்தால், ஒவ்வொரு முறையும் எடை குறைந்தது. உன் அப்பா அவரைக் கடைவாசலில் நிற்கவைத்துத் திருடன் என்றார். தான் எடுக்கவில்லை என்பது நைனாவுக்குத் தெரியும். அப்படியானால் வீட்டில் இருக்கும் இன்னொருத்திதான் எடுத்தாள் என்று முடிவுகட்டி அம்மாவைத் துரத்திவிட்டார். அம்மா இன்னும் பெரணமல்லூரில் தன் கூடப்பிறந்தவர் வீட்டில்தான் கிடக்கிறாள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்தாய்.

உன்,
குணா

ஆரணி
24.4.2024

அன்புள்ள குணா,

நீ சொன்னதுதான், ஏ.சி.தான் வினை. ஜீரோ இப்போது அசையாமல் நிற்கிறது. எடையைத் தொங்கவிட்டால்தான் மீட்டருக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

கடைக்கு எலக்ட்ரானிக் தராசு வந்தபிறகு பழைய எடைக்கற்களை மாடியில் போட்டிருந்தார்கள். இரண்டு பெட்டி. ஒன்று தறிக்காரர்களுக்கு நூல் நிறுத்துக் கொடுத்தது, மற்றது சேலையை நிறுத்து வாங்கியது. திங்களன்று நூல் பெட்டியிலிருந்து பத்து கிலோ எடுத்துத் தொங்கவிட்டேன், 16.2. மறுநாள் சேலைப் பெட்டியிலிருந்து பத்து கிலோ, 16.9. பிறகு மறுபடி நூல் பெட்டி, மறுபடி 16.2. இந்த மீட்டரைத் தலையைச் சுற்றித் தூக்கி எறிந்துவிடலாமா? ஜல்தி எழுது.

தங்கை லாவண்யாவுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலும் பட்டு வியாபாரம்தான். நீ கட்டாயம் வர வேண்டும்.

அன்புடன்,
ஹேமநாத்

பெங்களூர்
30.4.2024

அன்புள்ள ஹேமா,

உன் மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. கெட்ட மீட்டர் ஒரே கல்லுக்கு மாற்றி மாற்றிக் காட்டும். உன்னுடையது எந்தப் பெட்டிக்கு எதுவோ அதையே காட்டுகிறது. சேலைப் பெட்டிதான் சரியான எடை. நூல் பெட்டியில் பத்து கிலோ என்று இருப்பது ஒன்பதரை கிலோவும் சொச்சமும்தான். கற்களைத் திருப்பிப் பார். அடிக்குழியில் அடைத்திருக்கும் ஈயத்தை யாரோ சுரண்டி எடுத்திருப்பார்கள்.

குறைத்து நிறுத்துக் கொடுத்திருக்கிறார்கள், சரியாக நிறுத்து வாங்கியிருக்கிறார்கள், குறைந்ததைத் திருட்டு என்று சொல்லியிருக்கிறார்கள்.

போலீசுக்குப் போக மாட்டேன். உன் அப்பாவிடம் எனக்கு எதுவும் வேண்டாம். அம்மாவுக்குச் சர்க்கரை, ஒரு கண் போய்விட்டது. "நான் எடுக்கலன்னு அவரு வாயால ஒரு தபா சொன்னா போதும்டா" என்கிறாள். நைனாவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "நீ உங்கம்மாவுக்குப் பேசிகினு இருக்க. ஹேமா தம்பி சொல்லட்டும், நம்பறேன்" என்கிறார். பெட்டிக்கு ஒரு கல்லாக எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடு. ஒரு வார்த்தை சொல். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உன்,
குணா

ஆரணி
12.5.2024

அன்புள்ள குணா,

கற்களைத் திருப்பிப் பார்த்தேன். நீ சொன்னபடியேதான் இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் சாப்பிடப் போய்விட்டார். மறுநாள் நூல் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. ஆட்டோவில் ஏற்றிவிட்டது நான்தான்.

உனக்குக் கோபம் வரும், வரட்டும். இன்றைக்கு ஒருத்தருக்குச் சொன்னால் நாளைக்கு ஊரில் உள்ள தறிக்காரர்கள் எல்லாரும் வாசலில் வந்து நிற்பார்கள். லாவண்யா கல்யாணம் நின்றுபோகும். உன் அம்மாவுக்காக என் தங்கையை நான் பலி கொடுக்க முடியாது. என் இடத்தில் இருந்தால் நீயும் இதைத்தான் செய்வாய்.

கோச் என்னை எடுத்துக்கொண்டார். உன் உதவியை மறக்க மாட்டேன். ஆனால் இனி நீ எழுத வேண்டாம், கல்யாணத்துக்கும் வர வேண்டாம்.

ஒன்றை மட்டும் நீ என்னிடமிருந்தே கேட்பது நல்லது. வெள்ளிக்கிழமை பழனி மாமா கடைக்கு வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அப்பாவும் இருந்தார். "எடைக்கல்லு தப்புன்னு குணா சொல்றான். மெய்யா தம்பி?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா. குணாவுக்கு அம்மா மேல பாசம், அதான்" என்றேன். நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தோம். குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்போ அவதான்" என்றார். "இன்னிக்கே பெரணமல்லூர் போயி இட்டுகினு வந்துடலாம்னு கெளம்பி வந்தேன். நல்ல வேளை, உன்னாண்ட ஒரு வார்த்த கேட்டேன்."

ஹேமநாத்